இலவச சர்வீஸ்: கட்டணம் ரூ. 12,921 மட்டும்

தமிழ்நாட்டில் இலவசத்தை வெறுக்கும் ஒரு வர்க்கம் உண்டு. ரேஷன் அரிசி என்று யாராவது சொன்னால் போதும், அதற்குப் பொருளாதாரம் பொத்துக்கொண்டு வரும். 2006இல் கலர் டிவி கொடுத்தார்கள், நாடு கெட்டது. 2011இல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தார்கள், மேலும் கெட்டது. 2021இல் பெண்களை டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏற்றினார்கள், கெடுவதற்கு இனி ஒன்றுமே பாக்கியில்லை என்றானது. இத்தனை இலவசத்தையும் காறித் துப்பிய அந்த வர்க்கம் ஒரே ஒரு இலவசத்தை மட்டும் இரு கை நீட்டி வாங்கிக்கொள்கிறது. புதுக் காருக்குக் கொடுக்கிற 'ஃப்ரீ சர்வீஸ்'.

அரசாங்கம் கொடுத்த மிக்சிக்குக் கூட ஒரு யோக்கியதை இருந்தது. அது வீட்டுக்கு வந்தபோது கூடவே பில் வரவில்லை. "மிக்சி ஃப்ரீதாம்மா, ஜாருக்கும் மூடிக்கும் மட்டும் தனி சார்ஜ்" என்று எந்த வி.ஏ.ஓ.வும் சொல்லவில்லை. "மிக்சிக்கு அடியில கோட்டிங் போட்டுடலாம், இல்லன்னா துருப்பிடிச்சிடும்" என்று எந்த ரேஷன் கடைக்காரரும் பயமுறுத்தவில்லை. ஏழைக்குக் கொடுத்த இலவசம் இலவசமாகவே வந்து சேர்ந்தது. பத்து லட்சம் கொடுத்துக் கார் வாங்கியவருக்குக் கிடைக்கும் இலவசம்தான் ஜிஎஸ்டியோடு வருகிறது.

இந்த இலவசம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சில கம்பெனிகளில் 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், 5,000 அல்லது ஆறு மாதம், 10,000 அல்லது ஒரு வருடம் என்று மூன்று சர்வீஸ் இலவசம். இலவசம் என்றால் கூலி மட்டும்தான். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு. பல கார்களில் முதல் இரண்டு சர்வீஸில் பார்ப்பது, துடைப்பது, கழுவுவது தவிரப் பெரிய வேலை எதுவும் கிடையாது. செய்யாத வேலைக்கு வாங்காத கூலியைத்தான் இவர்கள் நமக்குத் தானமாகக் கொடுக்கிறார்கள். நாமும் நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது சர்வீஸில்தான் ஆட்டம் தொடங்குகிறது. வண்டிக்கு வயது ஒன்று. ஓடியது 9,000 கிலோமீட்டர். 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். அதற்கு ஒரு பில்லை எழுதிப் பார்த்தேன். இது கற்பனை பில்தான், எந்தக் கம்பெனியுடையதும் அல்ல. ஆனால் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகச்சாயல் தெரியும்.

இன்ஜின் ஆயில், மூன்றரை லிட்டர்: 1,575
ஆயில் ஃபில்டர்: 150
டிரெய்ன் பிளக் வாஷர்: 25
வீல் அலைன்மென்ட், பேலன்சிங்: 900
ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன்: 1,100
த்ராட்டில் பாடி கிளீனிங்: 750
இன்ஜின் கோட்டிங்: 650
அண்டர்பாடி கோட்டிங்: 3,500
இன்டீரியர் கிளீனிங்: 1,200
எலி விரட்டி ஸ்ப்ரே: 450
ஃப்யூயல் ஆடிட்டிவ்: 400
கன்ஸ்யூமபிள்ஸ்: 250
லேபர்: 0
ஜிஎஸ்டி 18 சதவீதம்: 1,971
மொத்தம்: ரூ. 12,921

'லேபர்: 0' என்ற வரியைக் கொஞ்சம் ரசியுங்கள். அதுதான் இலவசம்.

இந்தப் பில்லில் காருக்குத் தேவையானவை முதல் நான்கு வரிகள். வரியோடு சேர்த்து 3,127 ரூபாய். மீதி 9,794 ரூபாய் காருக்காக வாங்கியதல்ல, உங்கள் பயத்துக்காக வாங்கியது. ஒரு ரூபாய் வேலைக்கு மூன்று ரூபாய் பயம். இதுதான் இன்றைக்குப் புதுக் கார் சர்வீஸின் சந்தை நிலவரம்.

பயத்தை எப்படி விற்கிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். டேப்லெட்டோடு ஒரு தம்பி வருவார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறைய 'சார்'. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மருத்துவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"சார், த்ராட்டில் பாடில கார்பன் ஃபார்ம் ஆகியிருக்கும். கிளீன் பண்ணிடலாமா?"

"ஒன்பதாயிரம்தானே தம்பி ஓடியிருக்கு?"

"சிட்டி டிரைவிங் சார். சிக்னல்ல நின்னு நின்னு போகுதுல்ல, அதான்."

நான் ஊருக்குத்தான் அதிகம் ஓட்டுகிறேன், எல்லாம் நாலுவழிச் சாலை என்று சொல்லிப் பாருங்கள். "ஹைவே சார். ஹை ஸ்பீட்ல ஓடுதுல்ல, அதான்" என்பார். வண்டி பாதி நாள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது என்றால், "நிக்கிற வண்டி சார், அதுலதான் சீக்கிரம் ஃபார்ம் ஆகும்" என்பார். ஓடினாலும் நின்றாலும் ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே விலை. வண்டியின் பானட்டை அவர் அதுவரை திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஏசி கிருமிநீக்கம் வளர்ந்த கதை தெரிந்ததுதான். 2020இல் கொரோனா வந்தபோது எதன் மேல் வேண்டுமானாலும் எதையாவது தெளிக்கலாம் என்ற நிலை இருந்தது. முன்பே இருந்த இந்த வேலை அப்போது பில்லுக்குள் கெட்டியாக உட்கார்ந்தது, இன்றைக்கு வரை இறங்கவில்லை. கொரோனா போய்விட்டது, புகை போகவில்லை. ஒரு வயதுக் காரின் ஏசியில் நாற்றமே இல்லாதபோது எந்தக் கிருமியை நீக்குகிறீர்கள் என்று கேட்டால், "ஃபேமிலி வண்டி சார், குழந்தைங்க இருப்பாங்க" என்று பதில் வரும். குழந்தையை இழுத்துவிட்டால் அப்பா, அம்மா யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது பயிற்சி வகுப்பின் முதல் பாடம் போலிருக்கிறது.

அடுத்தது அண்டர்பாடி கோட்டிங். கார் விற்கும்போது இதே கம்பெனி என்ன சொன்னது? பாடி முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பூச்சு ஏற்றியிருக்கிறோம், துரு அண்டாது என்றது. அதே ஷோரூமின் பின்பக்கத்துக்கு வண்டி ஒரு வருடம் கழித்து வந்தால், "சென்னை சார், உப்புக் காத்து. கோட்டிங் போடலன்னா அடிப்பக்கம் போயிடும்" என்கிறார்கள். முன்வாசலில் விற்ற வாக்குறுதியைப் பின்வாசலில் பொய்யென்று சொல்லி, அதற்கும் 3,500 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டில் ஏதோ ஒன்று மோசடி. எது என்று கம்பெனியே முடிவு செய்து சொல்லட்டும்.

ஃப்யூயல் ஆடிட்டிவ் என்ற குட்டி பாட்டில் இன்னும் ஒரு படி மேல். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 பெட்ரோல். கந்தகம் 10 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று விதி. அந்தப் பெட்ரோலுக்கு ஏற்ற மாதிரி இன்ஜினைத் திருத்தியதாகக் கம்பெனிகள் சொல்லி, அதற்காகவே கார் விலையையும் ஏற்றின. இத்தனைக்கும் பிறகு அந்த இன்ஜினைக் காப்பாற்ற சர்வீஸ் கவுன்டரில் ஒரு குப்பி தேவைப்படுகிறது. சுத்திகரிப்பு ஆலையால் முடியாததை 400 ரூபாய்க்கு ஒரு மூடி திருகினால் முடித்துவிடலாமாம்.

எலி விரட்டியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். சென்னையில் எலி வயரைக் கடிப்பது உண்மை. ஸ்ப்ரே அடிப்பதும் உண்மை. அந்த எலி அந்த ஸ்ப்ரேக்குப் பயப்படும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. பில்லைப் பார்த்துப் பயப்படும் பிராணி நாம் ஒருவர்தான்.

'கன்ஸ்யூமபிள்ஸ், 250' என்ற வரியின் முன் எனக்கே கை கூப்பத் தோன்றுகிறது. துணி, கிரீஸ், சோப்புத் தண்ணீர். ஹோட்டல்காரர் இட்லிக்குக் காசு வாங்கிக்கொண்டு, இட்லித் தட்டு கழுவிய சபீனாவுக்குத் தனியாகப் பில் போட்டால் விடுவோமா? இங்கே விடுகிறோம். ஏனென்றால் இங்கே ஏசி ஓடுகிறது, இலவசக் காபி இருக்கிறது, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கிறது. நம்மை உள்ளே விடுவதில்லை. பாதுகாப்புக் காரணமாம். ஆயில் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக எத்தனை லிட்டர் இறங்கியது என்று காருக்குத்தான் தெரியும். கார் பேசாது.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு, இன்ஜினைப் பிரித்து மேயும் கனவோடு வந்த பையன். அவன் கையில் ஸ்பேனருக்குப் பதில் டேப்லெட்டையும் ஒரு டார்கெட்டையும் கொடுத்துவிட்டார்கள். ஒரு வண்டிக்குச் சராசரியாக இவ்வளவு பில் வர வேண்டும், இத்தனை கோட்டிங், இத்தனை எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்க வேண்டும். காலையில் மீட்டிங் போட்டு நேற்றைய கணக்கைக் கேட்பார்கள். புதுக் காரை விற்பதில் டீலருக்கு நிற்பது சொற்ப சதவீதம். வங்கிக் கடன் கமிஷன், இன்சூரன்ஸ் கமிஷன், அதற்கு மேல் சர்வீஸ் என்று மூன்று மாடுகளில் கறந்துதான் ஷோரூமின் வாடகையும் வட்டியும் ஓடுகின்றன. கம்பெனி டீலரை நெரிக்கிறது, டீலர் மேனேஜரை நெரிக்கிறார், மேனேஜர் தம்பியை நெரிக்கிறார், தம்பி உங்கள் குழந்தையின் நுரையீரலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறார்.

வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றும் ஐடிஐ பையனைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அப்ரென்டிஸ் என்ற பெயரில் அவனுக்குப் போகும் மாதச் சம்பளத்தை வைத்து, இதே வண்டிக்கு ஒரு செராமிக் கோட்டிங் போட முடியுமா என்பது சந்தேகம்.

சரி, இவ்வளவு அநியாயம் என்றால் வெளியே காட்டிவிட்டுப் போகலாமே? தெருமுனையில் முப்பது வருடம் கார்புரேட்டர் முதல் இன்ஜெக்டர் வரை பார்த்த மெக்கானிக் அண்ணன் இருக்கிறாரே? அங்கேதான் சாட்டை இருக்கிறது. சாட்டையின் பெயர் வாரண்டி. "வெளிய எங்கேயாவது பண்ணீங்கன்னா வாரண்டி போயிடும் சார்." இந்த ஒரு வாக்கியம் நாட்டின் நடுத்தர வர்க்கத்தை இத்தனை வருடமாகக் கைகட்டி நிற்க வைத்திருக்கிறது. வங்கி மேனேஜர், பேராசிரியர், வக்கீல் எல்லோரும் இந்த வாக்கியத்துக்கு முன்னால் வாய்பொத்தி நிற்கிறார்கள்.

இந்த வாக்கியம் செல்லாது என்று இந்தியாவில் ஓர் அமைப்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல். 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் போனது. கார் கம்பெனிகள் உதிரிபாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கின்றன என்பது புகார். ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. டாடா மோட்டார்ஸுக்கு 1,346 கோடி, மாருதி சுசூகிக்கு 471 கோடி, மஹிந்திராவுக்கு 292 கோடி. மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ முதல் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வரை பட்டியலில் இருந்தன. ஏழை, பணக்காரர் பேதமில்லாமல் சுரண்டியதில் ஒரு சமத்துவம் இருக்கத்தான் செய்தது. ஹூண்டாய்க்கு 2015 ஜூலையில் தனி உத்தரவு, 420 கோடி. உதிரிபாகங்களின் விலை அடக்கத்துக்கு மேல் நூறு சதவீதத்தைத் தாண்டியும், சிலவற்றில் ஐயாயிரம் சதவீதம் வரைக்கும் ஏற்றப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது.

ஐயாயிரம் சதவீதம். கந்துவட்டிக்காரர் கேட்டால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்.

அபராதத்தை விட முக்கியம், அந்த உத்தரவில் இருந்த கட்டளைகள். உதிரிபாகத்தையும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தடையில்லாமல் விற்க வேண்டும். பாகம் செய்து கொடுக்கும் ஆலைகள் நேரடியாகச் சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. பாகங்களின் விலை, பராமரிப்புச் செலவு, வாரண்டி விதிகள் எல்லாவற்றையும் இணையதளத்தில் போட வேண்டும். வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம். எவ்வளவு தெளிவு! தெருமுனை அண்ணன் ஆயில் மாற்றியதற்காக உங்கள் பவர் விண்டோவின் வாரண்டி போகாது என்று சொல்ல ஆணையத்துக்கு மூன்று வருடம் பிடித்தது. அது உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்கு இன்னும் எத்தனை வருடமோ.

கம்பெனிகள் என்ன செய்தன? மேல்முறையீட்டுக்குப் போயின. டெல்லியிலும் சென்னையிலும் உயர் நீதிமன்றப் படி ஏறின. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டா, அந்தச் சட்டமே செல்லுமா என்று வாதாடின. நம்மிடம் 250 ரூபாய்க்குச் சோப்புத் தண்ணீர் விற்ற பணத்தில்தான் நமக்கு எதிராக வாதாட வக்கீல் வைத்தார்கள் என்று சொன்னால் அது குற்றச்சாட்டு அல்ல, வெறும் வரவு செலவுக் கணக்கு.

அரசு என்ன செய்தது? 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. அந்த வருடம் டிசம்பர் 24 அன்று ஒரு போர்ட்டல் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். உரிமை கேட்டால் இணையதளம் கொடுப்பது நம் அரசாங்கங்களின் தேசிய குணம். அமெரிக்காவில் 1975லேயே மேக்னசன்-மாஸ் சட்டம் வந்துவிட்டது. எங்கள் கடைக்கு வந்தால்தான் வாரண்டி என்று காசு வாங்கிக்கொண்டு நிபந்தனை போடக் கூடாது என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் 2002லும் 2010லும் வந்த விதிகளால், வெளி ஒர்க்‌ஷாப்பில் முறைப்படி சர்வீஸ் செய்த காருக்கு வாரண்டியை மறுக்க முடியாது. அங்கே இதற்குக் கட்டுப்படும் அதே கம்பெனிகள்தான் இங்கே, "போயிடும் சார்" என்கின்றன. பெர்லினில் போகாத வாரண்டி பெருங்களத்தூரில் மட்டும் எப்படிப் போகிறது?

சென்னைக்கு இதில் கூடுதல் அவமானம். ஆசியாவின் டெட்ராய்ட் என்று மேடைக்கு மேடை மார்தட்டிக்கொள்கிற ஊர் இது. இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் கார், பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக்கும் மோட்டாரும் ஸ்டீயரிங் பாகமும். அம்பத்தூர்க்காரர் தன் காருக்கு ஒரு பாகம் மாற்ற வேண்டும் என்றால், அது அடுத்த தெருவில் உள்ள ஆலையில் செய்ததாகவே இருக்கலாம். ஆனால் அது நேராக அவர் வீட்டுக்கு வர முடியாது. கார் கம்பெனியின் அட்டைப் பெட்டிக்குள் போக வேண்டும், முத்திரை ஒட்டிக்கொள்ள வேண்டும், கிடங்குக்குப் போய், டீலரிடம் வந்து, புதிய விலையோடு அதே தெருவுக்குத் திரும்ப வேண்டும். ஜி.பி. ரோட்டில் அதே பாகத்தைக் கேட்டால் பாதி விலை சொல்வார்கள். நமக்கோ ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், போலிகள் உண்டு. ஒரிஜினலை வெளியே விடாமல் பூட்டி வைத்தால் சந்தையில் போலிதானே புழங்கும்? பூட்டியவர்களே வந்து, "வெளிய எல்லாம் டூப்ளிகேட் சார்" என்று எச்சரிப்பதுதான் இந்த நாடகத்தின் உச்சக் காட்சி.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி பத்து புள்ளி இறங்கியது. உங்கள் பில் இறங்கியதா? பழைய பில்லை எடுத்து, வரிக்கு முந்தைய விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சோதனையைச் செய்ய எந்த ஆணையமும் தேவையில்லை, ஒரு கண்ணாடி போதும்.

இப்போது நம் முறை. எல்லாக் குற்றத்தையும் கம்பெனி தலையில் கட்டிவிட்டு நாம் புனிதராகிவிட முடியாது. கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டால் சமூகம் சீரழிந்ததாகக் கட்டுரை எழுதுகிறோம். அதே நாம் டேப்லெட்டில் விரலால் கையெழுத்து போடும்போது என்ன போட்டிருக்கிறது என்று படிப்பதில்லை. படித்தாலும் கேட்பதில்லை. கேட்டால் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களாம். பத்து லட்சம் ரூபாய்க் கார் வாங்கியவன் ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறான் என்று அந்தத் தம்பி நினைத்துவிட்டால் மானம் போய்விடுமாம். இந்த மானத்துக்குத்தான் அவர்கள் விலைப்பட்டியல் அடித்து வைத்திருக்கிறார்கள். உழைக்கிறவனிடம் பேரம், ஏசியில் உட்கார்ந்திருப்பவனிடம் பணிவு. இந்தக் குணம் இருக்கும்வரை எலிக்கு ஸ்ப்ரே விற்றுக்கொண்டேதான் இருப்பார்கள்.

அப்படியானால் எவ்வளவுதான் கொடுக்கலாம்? வளைக்காமல் சொல்கிறேன். சிறிய பெட்ரோல் காருக்கு முதல் வருட சர்வீஸில் ஆயில், ஆயில் ஃபில்டர், வாஷர், தேவைப்பட்டால் ஏசி ஃபில்டர், அலைன்மென்ட். எல்லாம் சேர்த்துத் தோராயமாக 2,500 முதல் 3,500 ரூபாய். 20,000 கிலோமீட்டரில் கூலி சேரும், பிரேக் கழற்றிச் சுத்தம் செய்வது சேரும், சில கார்களுக்கு பிரேக் ஆயிலும் சேரும். 5,000 முதல் 7,000. டீசலுக்கும் எஸ்யூவிக்கும் ஆயிலின் அளவே அதிகம், அதனால் அதற்கேற்ப ஏறும். இதற்கு மேல் போகும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் அவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும், நாம் அல்ல.

காரணம் எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். காரோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். பாலித்தீன் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் தூங்குகிறது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை உண்டு. எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று காரைச் செய்த இன்ஜினியர்களே எழுதியது. ஏர் ஃபில்டரை 10,000த்தில் சுத்தம் செய்தால் போதும், மாற்றுவது 40,000த்தில் என்று பல கார்களில் அதில்தான் இருக்கும். கூலன்ட் பல வருடத்துக்குத் தாங்கும் என்று அதில்தான் இருக்கும். ஆயில் எந்த கிரேடு என்றும் அதில்தான் இருக்கும். 'இன்ஜின் கோட்டிங்' என்று அதில் எங்கும் இருக்காது. பல கம்பெனிகளின் இணையதளத்திலேயே சர்வீஸ் செலவுக் கணக்கீடும் உண்டு. கம்பெனி தலைமையகம் சொல்லும் தொகைக்கும் கவுன்டரில் சொல்லும் தொகைக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் அத்தனை ஸ்ப்ரேக்களும் கோட்டிங்குகளும் குடியிருக்கின்றன.

வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகிறேன் என்றால் தாராளமாகப் போங்கள். பூட்டின் சாவி அவர்களிடம் இருக்கும்போது உங்களை வீரனாகச் சொல்ல நான் யார்? போங்கள், ஆனால் அட்டவணையில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் மற்ற வரிகளை அடித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். "இடையில் ஏதாவது கூடுதல் வேலை வந்தால் போன் பண்ணுங்கள், எழுத்தில் அனுப்புங்கள், நான் சரி என்றால்தான் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கோட்டிங் போடாததால் வாரண்டி போகும் என்று யாராவது சொன்னால், அதை அப்படியே கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் தம்பியிடமிருந்து போன் வரும். "சார், கம்பெனிலேர்ந்து ஃபீட்பேக் கால் வரும். பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார். ஒன்பது போட்டாலும் எங்களுக்கு இன்சென்டிவ் கட் சார்." பாருங்கள் வித்தையை. கொள்ளையடித்த கம்பெனி, நம் கோபத்தையும் சேர்த்து அந்தப் பையனின் சம்பளத்தில் கட்டிப்போட்டிருக்கிறது. நாம் நேர்மையாக மூன்று மார்க் போட்டால் அடிபடுவது அவன். பாவம் பார்த்துப் பத்து போட்டால், வாடிக்கையாளர்கள் முழுத் திருப்தி என்று விளம்பரம் கொடுப்பது அவர்கள். நம் இரக்கத்தைக்கூட விட்டுவைக்காமல் தங்கள் விளம்பரச் செலவில் கழித்துக்கொள்ளும் இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு மட்டும் நான் பத்துக்குப் பத்து போடுகிறேன்.

வேண்டியது போர்ட்டல் அல்ல, சட்டம். வெளியில் முறைப்படி செய்த சர்வீஸுக்கு வாரண்டியை மறுக்க முடியாது என்று ஒரே ஒரு பிரிவு. கம்பெனி அட்டவணையில் இல்லாத வேலையை பில்லில் தனித் தலைப்பில், 'அவசியமில்லாதது' என்று அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்று இன்னொரு பிரிவு. 2014 உத்தரவில் பாதி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு அதைப் பார்த்து எழுதும் வேலைதான் பாக்கி. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போகும் 39 பேரும் காரில்தான் போய்வருகிறார்கள். பில்லை அவர்கள் கட்டுவதில்லை போலிருக்கிறது.

அது வரும்வரை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அங்கே போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எஸ்டிமேட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் தொட்டு, "இது மேனுவலில் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பக்கம் காட்டாத வரிக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள்.